ஸ்பூல் டேப் ரெக்கார்டர் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ஸ்பூல் மெஷின் இருப்பது நாலு பேருக்குத் தெரிந்ததிலிருந்து, மாதத்துக்கு இரண்டு பேராவது போன் செய்துவிடுகிறார்கள். கேட்பது பெரும்பாலும் அதே கேள்விகள்தான், நான் சொல்வதும் அதே பதில்தான், பேசி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிப்போகிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை. பதினைந்து வருஷமாக வாங்கி, ஏமாந்து, கழற்றி, சிலதைத் திரும்ப மாட்டத் தெரியாமல் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருப்பவன். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

ஸ்பூலும் ரீல்-டு-ரீலும் ஒன்றா?

ஒன்றுதான். மூடிய கேசட் இல்லாமல், திறந்த இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நாடா ஓடும் டேப் ரெக்கார்டர். நம்மூரில் பெரியவர்கள் ஸ்பூல் என்பார்கள், விற்பவர்கள் ரீல்-டு-ரீல் என்று எழுதுவார்கள். இணையத்தில் தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். "பழைய டேப் மெஷின்" என்றும் தேடுங்கள். தன்னிடம் இருப்பது என்னவென்று தெரியாமல் விற்பவரிடம்தான் விலை மலிவு.

கேசட்டைவிட அப்படி என்ன பெரிசா இருக்கு?

கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். ஸ்பூல் நாடா 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம். வீட்டு மெஷின்களில் 9.5 அல்லது 19 சென்டிமீட்டர் வேகம், ஸ்டுடியோவில் 38, சில இடங்களில் 76. 19 வேகத்தில் ஒரு நொடிப் பாட்டுக்குக் கேசட்டில் கிடைப்பதைப்போல நாலு மடங்கு நீளமும், கூடுதல் அகலமும் கிடைத்தால் இரைச்சல் குறையும், மேல் ஸ்வரங்கள் மங்காது. இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. ஆனால் 4.75 வேகத்தில் ஓடும் பழைய மோனோ மெஷினை வாங்கிவிட்டு "ஸ்பூல் சவுண்டே தனி" என்று சொல்லாதீர்கள், நல்ல கேசட் டெக் அதைத் தோற்கடித்துவிடும்.

எந்த மாடல் வாங்கலாம்?

அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன்: எதற்கு வாங்குகிறீர்கள்?

வீட்டில் பழைய டேப் இருக்கிறது, அதில் கச்சேரியோ கல்யாணமோ யாரோ பேசியதோ இருக்கிறது, அதைக் கேட்க வேண்டும் என்றால் முதலில் டேப்பைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற மெஷினைத் தேடுங்கள். எத்தனை அங்குல ரீல் (5, 7, 10.5), எந்த வேகம், மோனோவா ஸ்டீரியோவா, எத்தனை டிராக் (நாடாவின் அகலத்தை எத்தனை பதிவு வரிசையாகப் பிரித்திருக்கிறது). டப்பாவின் மேல் பென்சிலில் எழுதியிருந்தால் அதிர்ஷ்டம். ஏழெட்டு டேப்தான் என்றால் மெஷினே வாங்காதீர்கள், வைத்திருப்பவரிடம் கொடுத்து மாற்றி வாங்குவது எல்லா வகையிலும் லாபம்.

ஆசைக்கு வாங்குகிறீர்கள் என்றால், முதல் மெஷினாக நான் சொல்வது அகாய் ஜி.எக்ஸ்-4000டி மாதிரி ஒன்று. 7 அங்குலம் வரைதான் போகும், ஒரே மோட்டார், பொத்தானை அழுத்தினால் 'டக்'கென்று லீவர் விழும். அழகுப்போட்டியில் ஜெயிக்காது. ஆனால் உள்ளே பார்த்தால் எது எதை இழுக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், கற்றுக்கொள்ள அதுதான் வேண்டும். சோனி டிசி-377 இதே ரகம். பயனியர் ஆர்டி-707 பார்க்க அம்சமாக இருக்கும், 7 அங்குலத்திலேயே ஆட்டோ ரிவர்ஸ் ப்ளேயும் உண்டு.

கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கலாம் என்றால் ரெவாக்ஸ். ஸ்விட்சர்லாந்தின் வில்லி ஸ்டூடர் ஆரம்பித்த கம்பெனி. ஏ77 வந்தது 1967-ல், பி77 வந்தது 1977-ல். இன்றைக்கும் இவற்றுக்கு ஸ்பேர் கிடைக்கிறது, சர்வீஸ் மேனுவல் கிடைக்கிறது. என்னைப் பொறுத்தவரை ரெவாக்ஸின் மதிப்பு சவுண்டைவிட அந்த மேனுவலில்தான் இருக்கிறது.

டெக்னிக்ஸ் ஆர்எஸ்-1500, டியாக் எக்ஸ்-2000ஆர், அகாய் ஜிஎக்ஸ்-635டி என்று பெரிய ரீல் சுற்றும் படங்களைப் பார்த்து மயங்கித்தான் பாதிப் பேர் இதற்குள் வருகிறார்கள். நானும் அப்படித்தான். தப்பில்லை, ஆனால் அது இரண்டாவது மெஷினாக இருக்கட்டும்.

க்ருண்டிக், பிலிப்ஸ் வால்வு மெஷின் ஒன்று குறைந்த விலைக்கு வருதே?

வரும். அந்தக் காலத்தில் பர்மா, மலாயா, சிங்கப்பூர் போய் வந்தவர்கள் வீட்டில் இருந்தவை. முன்னால் ரிக்கார்டிங் அளவைக் காட்ட ஒரு பச்சைக் கண் எரியும், அது எரியும்போது பார்த்தால் எனக்கே வாங்கத் தோன்றும். ஆனால் ரப்பர் சக்கரம் இறுகியிருக்கும், பேப்பர் கண்டென்சர் எல்லாம் கசிந்திருக்கும், பெரும்பாலும் மோனோ. உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். வால்வு ரேடியோ வேலை தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின். 110 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதாதா?

இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. ஜப்பானில் கிழக்குப் பாதி 50, மேற்குப் பாதி 60, வோல்டேஜ் 100. சவூதியில் 60, பழைய வீடுகளில் 127 வோல்ட்டும் இருந்தது. துபாயில் 50. "கல்ஃப்லேர்ந்து வந்தது" என்றால் எந்தக் கல்ஃப் என்று கேட்பது இதனால்தான்.

பல மெஷின்களில் நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் மோட்டாரின் வேகம் கரண்டின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60-க்குச் செய்த மெஷினை இங்கே போட்டால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 5 கட்டையில் பாடியவர் கிட்டத்தட்ட 3 கட்டைக்கு இறங்கிவிடுவார், மிருதங்கம் தூக்கக் கலக்கத்தில் வாசிக்கிற மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு வருஷம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார், பழைய ரெக்கார்டிங் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்து.

சில மெஷின்களில் மோட்டார் தண்டில் உள்ள புல்லியில் பெல்ட் ஓடும் இடத்தை மாற்றினால் சரியாகிவிடும், பின்பக்கம் வோல்டேஜ் செலக்டரும் இருக்கும். சிலவற்றுக்கு வேறு புல்லி வாங்க வேண்டும். ரெவாக்ஸ் ஏ77, பி77 இரண்டிலும் கேப்ஸ்டன் வேகத்தைச் சர்க்யூட்டே கட்டுப்படுத்துவதால் ஹெர்ட்ஸ் தொல்லை இல்லை, வோல்டேஜ் செலக்டரை மட்டும் திருப்பினால் போதும். பிளக்கில் சொருகும் முன் அந்தச் செலக்டரைக் கண்ணால் பாருங்கள், விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள்.

எங்கே கிடைக்கும்?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் அவ்வப்போது வரும். சென்னையில் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் சுற்றலாம். பழைய கட்டடம் 1985-ல் எரிந்த பிறகு முன்னைப்போல இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். மும்பை சோர் பஜாரில் நிறைய உண்டு, விலையும் வாயும் அதிகம். ஸ்பேருக்குச் சென்னை ரிச்சி தெரு. ஆனால் நல்ல மெஷின்கள் கடைக்கே வருவதில்லை, வீடு காலி செய்பவர்களிடமிருந்து வாய்வழியாகத்தான் கை மாறுகிறது. நாலு பேரிடம் சொல்லி வையுங்கள்.

நேரில் பார்க்கும்போது என்ன செய்யணும்?

நான் போகும்போது ஒரு துணிப்பையில் இவ்வளவு இருக்கும்: போனால் போகட்டும் என்கிற ஒரு 5 அங்குல டேப், காலி ரீல் ஒன்று, டார்ச், காது பட்ஸ், கொஞ்சம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால், ஹெட்போன், அதற்குப் பெரிய பின் அடாப்டர். டேப் கொண்டுபோகாமல் போவது ஸ்கூட்டர் பார்க்கப் போய் ஓட்டிப் பார்க்காமல் வருகிற மாதிரி. பெரும்பாலான கடைகளில் டேப் இருக்காது, "ரன்னிங் கண்டிஷன் சார்" என்று வெறும் ரீலைச் சுற்றிக் காட்டுவார்கள். வெறும் ரீல் எந்த மெஷினிலும் சுற்றும்.

ஒரு தடவை அப்படிச் சுற்றிய மெஷினில் என் டேப்பை மாட்டி ப்ளே போட்டேன். பாட்டு வந்தது, நன்றாகவே வந்தது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், கீழே பார்த்தால் வலது ரீல் நின்றுபோய் நாடா இடியாப்பம் மாதிரி மேஜையில் விழுந்துகொண்டிருக்கிறது. எடுத்துக்கொள்ளும் பக்கம் இழுவை இல்லை. அந்த மெஷினை அடுத்த முறை போனபோதும் பார்த்தேன், அப்போதும் "ரன்னிங் கண்டிஷன்"தான்.

ஆகவே ப்ளே, இரண்டு பக்கமும் வேகச் சுற்று, நிறுத்தம் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். வேகமாகச் சுற்றும்போது நிறுத்தினால் நாடா தொளதொளவென்று தொங்கக்கூடாது, வெடுக்கென்று இழுத்து நீளவும் கூடாது. ரீல் ஏறக்குறைய தீரும் இடத்தில் ஒரு நிமிஷம் கேளுங்கள், வேகம் தள்ளாடினால் அங்கேதான் தெரியும். வீணை, வயலின், பியானோ நீண்டு நிற்கும் பதிவாக இருந்தால் இன்னும் நல்லது, கரகரப்பேச்சில் ஆட்டம் தெரியாது. ரிக்கார்டு ஆகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ப்ளே நன்றாக இருந்து ரிக்கார்டு செத்த மெஷின்கள் ஏராளம். இடது, வலது இரண்டு சேனலும் ஒரே அளவில் வருகிறதா? 1970களின் பல அகாய்களில் ஹிட்டாச்சி 2எஸ்சி458 என்ற டிரான்சிஸ்டர் வயதாகி ஒரு பக்கம் சடசடக்கும். மாற்றுவது எளிது, ஆனால் விலை பேச நல்ல சாக்கு.

ஹெட் தேய்ந்திருக்கா என்று எப்படிப் பார்ப்பது?

ஹெட் என்பது நாடா உரசிப்போகும், ஒலியைப் பதிந்து படிக்கும் பாகம். பட்ஸில் ஆல்கஹால் தொட்டு முதலில் துடையுங்கள், பழுப்பு அழுக்கு போன பிறகு டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நாடா உரசும் இடத்தில் பளபளப்பான தட்டையான பட்டை தெரியும். அது இருப்பது இயல்பு. அந்தப் பட்டை ரொம்ப அகலமாகியிருந்தாலோ, ஓரத்தில் நகத்தை வைத்தால் படி தட்டுப்பட்டாலோ தேய்மானம் அதிகம். அகாயின் ஜிஎக்ஸ் ஹெட்டுகள் கண்ணாடியும் ஃபெரைட்டும் சேர்ந்தவை, சுலபத்தில் தேயாது. அதனால்தான் அந்த எழுத்து இருந்தால் விலை ஏறுகிறது.

கூடவே பின்ச் ரோலரை, அதாவது நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தாலும், மிட்டாய் மாதிரி விரலில் ஒட்டினாலும் மாற்றியாக வேண்டும். ரப்பரை ஆல்கஹாலில் ஊறப் போடாதீர்கள், சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும்.

வீட்டுக்கு வந்தாச்சு. பிளக்கில் சொருகலாமா?

பத்து வருஷம் தூங்கிய மெஷினை நேரே சொருகாதீர்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்ப் (மெஷினுக்குப் போகும் கரண்ட் முதலில் இதன் வழியாகப் போகும்) ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், 100 வாட் குண்டு பல்ப். மெஷினை ஆன் செய்ததும் பல்ப் ஒரு தடவை பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. முழுப் பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். பல்ப் இருக்கும்போது மோட்டார் சோம்பலாகத்தான் ஓடும், அது குறை இல்லை.

ரெவாக்ஸ் உள்பட பல ஐரோப்பிய மெஷின்களில் மெயின்ஸ் பக்கம் ரிஃபா என்ற பேப்பர் கண்டென்சர் இருக்கும். ஒளி ஊடுருவும் மேலுறை காலப்போக்கில் வெடிப்பு விட்டு, ஈரம் குடித்து, ஒரு நாள் புகை கக்கும். அதன் நாற்றம் மூன்று நாள் வீட்டை விட்டுப் போகாது. நன்றாக ஓடினாலும் அதை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். அகாய், பயனியர் என்றால் உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், லீவர் அசையவில்லை என்று பலம் பிரயோகித்து உடைக்காதீர்கள்.

தாத்தா காலத்து டேப்பைப் போட்டுப் பார்க்கலாமா?

புதிதாக வாங்கிய மெஷினிலா? கூடவே கூடாது. உங்களிடம் ஒரே பிரதி இருக்கும் டேப் எதுவோ, அது அந்த மெஷினைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். முதல் ஒரு மாதம் குப்பை டேப்பை ஓட்டுங்கள்.

டேப் கீச்சென்று கத்துது, ஹெட்டில் பிசுபிசுவென்று ஒட்டுது.

உடனே நிறுத்துங்கள், வேகச் சுற்றும் போடாதீர்கள். 1970களின் நடுவிலிருந்து வந்த சில டேப்புகளில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துச் சிதைந்துபோகிறது. ஆம்பெக்ஸ் 406, 456 இதற்குப் பேர்போனவை. முதுகுப் பக்கம் கறுப்பாக, பளபளப்பில்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வைத்தியம், வேகவைப்பது. சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் போல, உணவு உலர்த்தும் மின்சாரப் பெட்டியில், தெர்மாமீட்டர் வைத்து. பிறகு நன்றாக ஆறவிட்டு ஓட்டலாம், சில வாரங்கள் தாங்கும், அதற்குள் டிஜிட்டலாக்கிவிட வேண்டும். மொட்டை மாடியில் வடகம் மாதிரி காய வைக்கலாமா என்று கேட்டவர் உண்டு. கூடாது. கேஸ் அவன், மைக்ரோவேவ் இரண்டும் கூடாது.

முக்கியமான எச்சரிக்கை: அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய டேப்பை வேகவைக்கவே கூடாது, பாழாகிவிடும். ரீலைப் பக்கவாட்டில் விளக்குக்கு நேரே பிடியுங்கள். நாடாச் சுற்றுக்குள் வெளிச்சம் தெரிந்தால் அசிடேட், தெரியாவிட்டால் பாலியெஸ்டர். பழைய அசிடேட்டில் வினிகர் வாடை அடித்தால் அது அழுகத் தொடங்கிவிட்டது, மற்ற டேப்புகளிலிருந்து பிரித்து வையுங்கள், பிரதியெடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வெள்ளையாகப் பூத்திருக்கே?

பூஞ்சை. கடலோர ஊர்களில் சகஜம். மெஷினில் போடாதீர்கள், ஹெட் வழியாக அடுத்த டேப்புக்கும் பரவும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். ஒரே பிரதி என்றால் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள், இதில் கைவைத்தியம் வேண்டாம்.

வலது ஸ்பீக்கரில் யாரோ தலைகீழாகப் பேசுறாங்க!

பேய் இல்லை. அது இரண்டு டிராக் மோனோ டேப். நாடாவின் மேல்பாதியில் ஒரு பக்கம், கீழ்பாதியில் திருப்பிப் போட்டுப் பதிந்த மறுபக்கம். நாலு டிராக் ஸ்டீரியோ மெஷினில் போட்டால் இடது ஹெட் முதல் பக்கத்தையும், வலது ஹெட் மறுபக்கத்தைப் பின்னோக்கியும் படிக்கும். வலதை அணைத்துவிட்டு இடதை மட்டும் கேளுங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் நேராகவே, ஆனால் வேறு வேறு நிகழ்ச்சி வந்தால் அது நாலு டிராக் மோனோ. இடதில் கச்சேரி, வலதில் மாமா பேரனுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு ஒன்று வாய்த்தது. டிஜிட்டலாக்கும்போது இது வசதி, ஒரே ஓட்டத்தில் இரண்டு டிராக் கிடைத்துவிடும், பின்னோக்கி வருவதைக் கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ளலாம்.

ஒரு டேப்பில் எவ்வளவு நேரம்?

7 அங்குல ரீலில் 1800 அடி நாடா என்றால் 9.5 வேகத்தில் ஒரு பக்கம் 96 நிமிஷம், 19-ல் 48. மெல்லிய 2400 அடி நாடாவும் உண்டு, கச்சேரி நடுவில் மாற்ற வேண்டாம் என்று அந்தக் காலத்தில் அதைத்தான் வாங்கினார்கள். இப்போது அவைதான் அதிகம் நீண்டும் சுருண்டும் கிடக்கின்றன.

புது டேப் இப்போதும் வருதா?

வருகிறது. பிரான்ஸில் ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ், அமெரிக்காவில் ஏடிஆர் மேக்னெட்டிக்ஸ். மலிவில்லை, கப்பல் கூலியும் சுங்கமும் சேரும்போது ஒரு ரீல் வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கும். எனவே ரீலோடு வரும் மெஷினுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். பழைய டேப்பை அழித்து ரிக்கார்டு செய்யும் முன், என்ன இருக்கிறது என்று ஒரு முறையாவது கேளுங்கள், ப்ளீஸ்.

டிமேக்னடைஸ் பண்ணணுமா?

ஹெட்டில் சேர்ந்த காந்தத்தை நீக்குவதுதானே, எப்போதாவது. மெஷின் ஆஃபில் இருக்க வேண்டும், டேப்புகள் அடுத்த அறையில். டிமேக்னடைஸ் செய்யும் கருவியை ஒரு கை தூரத்தில் ஆன் செய்து மெதுவாகக் கொண்டுபோய், மெதுவாக விலக்கி, தூரத்தில் ஆஃப் செய்யுங்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்தே அணைத்தால் முன்பைவிட மோசமாகும். ஹெட்டைத் துடைப்பது மட்டும் ஒவ்வொரு டேப்புக்கும் முன்னால்.

மெக்கானிக் யார் இருக்காங்க?

மெஷின் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது, எல்லோரும் பின்னால் கேட்கிறார்கள். ஜப்பான் கம்பெனிகள் பெரும்பாலும் வீட்டு ஸ்பூல் மெஷின்களை 1980களோடு ஏறக்கட்டிவிட்டன. அன்று இதைப் பிரித்து மேய்ந்தவர்களில் பலருக்கு இப்போது எழுபதுக்கு மேல், கண் சரியில்லை, பிள்ளைகள் வெளியூரில். ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் எந்த மெஷின் தெரியும் என்கிறாரோ அதை வாங்குங்கள். எனக்குக் கிடைத்தவர் அகாய் ஆள், அதனால் நானும் அகாய் ஆள், அவ்வளவுதான். கூலியைப் பேரம் பேசாதீர்கள். உங்களுக்குச் சாலிடரிங் வருமென்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள், காபி வாங்கிக்கொண்டு போங்கள்.

பார்சலில் அனுப்பச் சொல்லலாமா?

10 முதல் 25 கிலோ கனம், உள்ளே கனமான ஃப்ளைவீல். முடிந்தவரை நேரில் போய் எடுத்து வாருங்கள். முடியாதென்றால் ரீலைக் கழற்றச் சொல்லுங்கள், இரட்டைப் பெட்டி, நடுவில் கெட்டியான ஃபோம். வைக்கோலும் தினத்தாளும் வைத்து வந்த ஒன்று எனக்கு முகப்புக் கண்ணாடி இல்லாமல் வந்து சேர்ந்தது, கண்ணாடி பெட்டிக்கு அடியில் பொடியாக இருந்தது.

டேப்பை எப்படி வைக்கணும்?

படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிற்க வைத்து, உலர்ந்த அலமாரியில். ஓட்டி முடித்ததைத் திரும்பச் சுற்றாமல் அப்படியே வைப்பது நல்லது. சுற்றுக்குச் சுற்று காந்தம் லேசாகப் படிவதால் ஒரு மங்கல் எதிரொலி வரும். முடிவு வெளியே இருக்கும்படி வைத்தால் அது சத்தத்துக்குப் பின்னால் வந்து மறைந்துபோகும், தொடக்கம் வெளியே இருந்தால் முன்னாலேயே கேட்கும். அறுந்ததை ஒட்ட செலோடேப் வேண்டாம், அதன் பசை பக்கத்துச் சுற்றுக்கும் ஊறிவிடும், இதற்கென்று ஸ்ப்ளைஸிங் டேப் இருக்கிறது.

புத்தம் புது மெஷின் கிடையாதா?

உண்டு. ரெவாக்ஸ் பி77-ஐ மறுபடி செய்கிறது, ஜெர்மனியில் பால்ஃபிங்கர் செய்கிறது. விலைக்கு ஒரு சின்னக் கார் வாங்கலாம்.

ஓடாத மெஷின் சும்மா தர்றாங்க, எடுத்துக்கலாமா?

உங்களிடம் இருக்கும் அதே மாடலா? ஓடிப்போய் எடுங்கள். வேறு மாடலா? எனக்கு ஒரு போன் போடுங்கள்.